பல்பு யாருடையது

பாகாவ் பக்கத்துச் செம்பனை ஆலை. எடைமேடை அறையில்
ஒரே கணினி, மூன்று ஷிப்டு.
காலையில் லோகேஸ்வரி: எழுத்து பெரிதாக வேண்டும்.
மதியம் ஹம்டான்: எல்லாம் மலாயில்.
இரவில் சூசைராஜ்: திரை கறுப்பு, எழுத்து பச்சை,
லாரி ஏறியதும் கூவும் மணி வாயை மூட வேண்டும்.

நான் எழுதிய நிரல் இவை அத்தனையையும்
தன் காலடியிலேயே போட்டுக்கொண்டது,
தன்னை நிறுவிய அதே அடைவில்
ஒரே ஓர் ஐ.என்.ஐ. கோப்பு.
கடைசியாக மூடியவர் வைத்ததே சட்டம்.
ஆறு மணிக்கு லோகேஸ்வரி வந்து இருட்டுத் திரையைப் பார்ப்பாள்.
"இந்த மனுசனுக்கு ஆந்தைக் கண்ணு."
பிறகு ஏழு சொடுக்கு. எண்ணி வைத்திருந்தாள்.

ஆளுக்கொரு இடம் கொடுத்துவிடு என்றார் மேனேஜர்.
கொடுக்கலாம்தான். ஆனால் அது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு.
பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வரும்,
மூவரும் எஸ்கேப்பைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள்,
அதுவும் விடும்.
வாசலில் பெயர் சொல்லாதவரை
உள்ளே எந்தப் பெயரில் தேடுவது?
அதன் கணக்கில் மூவரும் ஒரே ஆள்,
நாளுக்கு மூன்று முறை மனம் மாறுகிற ஆள்.

எக்ஸ்பி வந்தது. பழைய கோப்பையும் கூடவே நகலெடுத்து வைத்தேன்.
எக்ஸ்பி கறார்.
நிரல்கள் குடியிருக்கும் அடைவில்
சாதாரணக் கணக்கு ஓர் எழுத்தும் எழுதக்கூடாது.
என் நிரல் எழுதப் போனது, கையைத் தட்டிவிட்டார்கள்,
வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டது
(விழுங்கச் சொல்லி அந்த வரியை எழுதியவள் நான்தான்).
பழைய பெட்டியைக் கடைசியாக மூடியவர் சூசைராஜ்.
ஆகவே கறுப்பு, பச்சை, மௌனம்;
யார் என்ன மாற்றினாலும் மறுநாள் கறுப்பு, பச்சை, மௌனம்.
இரண்டு பேர் திட்டினார்கள்.
சூசைராஜ், "நல்லாத்தானே இருக்கு."

சரி, எக்ஸ்பியில் ஆளுக்கொரு வீடு உண்டு.
முகவரியைக் கையால் எழுதிவைக்கக் கூடாது,
வேறு மொழிப் பதிப்பில் தெருப்பெயரே வேறு;
இயங்குதளத்தைக் கேட்டால் அதுவே காட்டும்.
வீட்டுக்குள் இரண்டு அறை.
ஒன்றில் வைத்தது ஆள் போகுமிடமெல்லாம் கூட வரும்,
மற்றது இந்தக் கணினியோடு நின்றுவிடும்.
சனிக்கிழமை லோகேஸ்வரிக்கு ஆபீஸ் கணினியில் வேலை.
எழுத்தின் அளவு கண்ணோடு போகட்டும்.
தராசு செருகிய போர்ட் யாருடையதுமில்லை, பெட்டியினுடையது.
சாளரம் நின்ற இடம்?

அதில்தான் மாட்டிக்கொண்டு
எஸ்டேட் வீட்டைக் காலிசெய்த நாளை நினைத்தேன்.
அப்பா முன்னறை பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.
கிராணி பட்டியலோடு நின்றார்: கதவு இரண்டு, சன்னல் மூன்று, பல்பு இரண்டு.
"ஹோல்டர் கம்பெனியுது. பல்பு நான் காசு குடுத்து வாங்குனது."
அரைமணி நேரம். லாரி இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
கடைசியில் கிராணி இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினார்,
அதற்குள் அம்மா அதையும் கழற்றியிருந்தாள்.
புது வீட்டில் ஹோல்டர் திருகு வகை.
எங்கள் பல்புகளுக்குப் பக்கவாட்டில் இரண்டு கொம்பு.
அன்று மெழுகுவத்தியில் சாப்பிட்டோம்.

ஆபீஸ் திரை சிறிது.
சாளரம் நின்ற இடம் இங்கேயே நிற்கட்டும்.

புதுப் பதிப்பு முதல்முறை திறக்கும்போது
பழைய கோப்பைப் பார்த்துத் தொடங்கும்.
லோகேஸ்வரிக்கு இன்னொரு முறை இருட்டு,
இன்னொரு முறை ஏழு சொடுக்கு.
மறுநாள் ஆறு மணிக்குத் திரை அவள் விட்டபடியே இருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மூன்றாவது நாளும் ஹம்டான்
பழக்கத்தில் எஸ்கேப்பைத் தட்டினார்.
திறக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார்.
வெளியே மேடைமேல் லாரி ஹாரன்.
ஒற்றை விரலால் தன் பெயரைத்
தேடித் தேடி அடித்தார்.